எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்தது ஒரு வாக்கியத்தைத் திருத்தியதுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சமையலறை மேசையில் அவள் லேப்டாப்பைத் திறந்து, உதவி செய்யப் பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களுக்குப் போகும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே அவர் ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தார். தோல் நடுவில் அறுந்துவிடாமல் ஒரே சுருளாக இறங்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். தோல் அறுந்துபோன பழத்தைத் தன் அக்காவுக்குக் கொடுத்துவிடுவார்.

"'பதிவு செய்த பணிக்கு நீங்கள் வரவில்லை என்பதை அறிகிறோம்.' இதுல என்னப்பா தப்பு?" என்றாள்.

"போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து வந்த மாதிரி இருக்கு."

"வரலைதானே?"

"வரலைன்னு அவங்களுக்கே தெரியும்மா. அதை நாம வேற சொல்லணுமா?"

பக்கத்து அறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "பேசாம 'ஏன்டா வரல'ன்னு போடுங்க. எழுத்தாச்சும் மிச்சம்."

அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சொல்லச் சொல்ல யோசித்தார். "இந்த வாரம் முடியாம போயிருக்கும். பரவாயில்ல. அடுத்த ஞாயிறும் இடம் இருக்கு. இப்படிப் போடு."

"இதுல யார் மேல தப்புன்னே தெரியலையே."

"அதான் வேணும்."

அவள் தட்டச்சு செய்து சேமித்தாள். இந்தத் திருத்தமே ஒரு ஆளுக்காகத்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவர். பழைய வாக்கியம் தனக்கு வந்ததும் அப்பாவுக்கு போன் செய்து, "என் பேரை எடுத்துடுங்க சார், நான் சரிப்பட மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். அப்பா பேசிப் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கடன் வாங்கியிருந்தார். "இந்த ஒரு தடவை சார். இதுவும் முடியலைன்னா இனிமே கேக்காதீங்க" என்று அந்த மனிதர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு வருவதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை உள்ளே போயிருந்தது. இன்னொரு கை போகவில்லை.

*

அவர் வேலை பார்த்தது ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில். மருத்துவமனை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடியில் மூன்று அறைகள். ஒரு அறையில் டாக்டர், ஒன்றில் எக்ஸ்ரே, மூன்றாவதில் சுவரை ஒட்டி நாற்காலிகள். நாற்காலிகளுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே அப்பாவின் மேசை. அங்கே பெண்கள்தான் உட்காருவார்கள் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் அவரைப் பார்த்து ஒரு நொடி தயங்குவார்கள். "டாக்டர் நான் இல்லீங்க, பயப்படாம உக்காருங்க" என்பார்.

உள்ளேயிருந்து இயந்திரம் கீச்சென்று சுழலும் சத்தம் கேட்கும். நாற்காலியில் இருப்பவர்களில் யாராவது ஒருவர் எழுந்து, போன் பேசுவதுபோல் காதில் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விடுவார். போனவர் திரும்ப வர மாட்டார். டாக்டர் கோபப்படுவார். அப்பா கோபப்பட்டதில்லை. அவர்களுக்கு 'ஓடுனவங்க' என்று பெயர் வைத்திருந்தார். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒவ்வொருவராக போனில் கூப்பிடுவார்.

"டாக்டர் கேக்கச் சொல்லல. நானாத்தான் கேக்குறேன். வலி எப்படி இருக்கு?"

எதிர்முனையில் பெரிய மேனேஜர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், ஒரு முறை குத்துச்சண்டைப் பயிற்சியாளர் ஒருவர்கூட, குழந்தை மாதிரி மூச்சை இழுத்து, "இருக்கு சார்" என்பார்கள். அவ்வளவுதான். மறுநாள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குத்துச்சண்டைக்காரர் மட்டும் வரவில்லை. வலியே போய்விட்டது என்று சாதித்துவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் முடிவெட்டப் போன இடத்தில், பக்கத்து நாற்காலியில் இருந்த ஒருவர், "ஞாயித்துக்கிழமை ஆனா சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். யாருக்காவது ஏதாவது பண்ணலாம்னாலும் எங்க போய்க் கேக்குறதுன்னு தெரியல" என்று புலம்பியிருக்கிறார். அதே தெருவில் நாலு கட்டிடம் தள்ளி ஒரு பார்வையற்றோர் விடுதி. அதன் வாசல் கதவில், படித்துக் காட்ட ஆள் தேவை என்று ஒரு தாள் ஒட்டி, வெயிலில் எழுத்தே வெளுத்துப்போயிருந்தது. அப்பா பாதி முடி வெட்டியும் வெட்டாமலும் எழுந்துவிட்டார் என்று அத்தை சொல்லுவாள். அது அத்தையின் கைச்சரக்கு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மகளிடம் சொன்னார். "ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வெக்கணும். என் கிளினிக் மாதிரி. ஆனா ஊருக்கே."

"அதுக்குப் பேரு வெப்சைட்டுப்பா."

"அப்ப அதைக் கட்டு."

அவளுக்குத் தொழில் அது. ஒரு கம்பெனியின் கணினிகள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது. விடுமுறை நாட்களில் உட்கார்ந்து கட்டினாள். உதவி தேவைப்படும் இடங்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று போடும். செய்ய நினைப்பவர் பார்த்து, ஒரு பொத்தானை அழுத்தினால் நாளும் முகவரியும் கைபேசிக்கு வரும். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா, "வர்றீங்களா" என்றார். மேசையிலிருந்து தலையை நீட்டி அடுத்தவரைக் கூப்பிடும் அதே தொனியில். தளத்தின் பெயர் அதுவாகிவிட்டது.

வாரம் திரும்பினால் ஆட்கள் சேர்ந்தார்கள். பொத்தானை அழுத்தினவர்களில் பாதிப் பேர் வரவில்லை. அவள் வரைபடம் போட்டுக் காட்டினாள். பதிவு செய்தவர்களின் கோடு மேலே ஏறியது, வந்தவர்களின் கோடு பாதி உயரத்திலேயே தங்கிவிட்டது.

"இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கிறவங்க யாரு தெரியுதா?" என்று அப்பா சந்தோஷமாகக் கேட்டார். "ஓடுனவங்க."

அவருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. போனை எடுத்தார்.

*

முதல் யோசனை அவருடையதுதான், அது சொதப்பியது. ஓடினவர்களை எல்லாம் ஒரே வேலைக்குச் சேர்த்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் தைரியமாக வருவார்கள் என்று நினைத்தார். காது கேளாத குழந்தைகளின் பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் பூசும் வேலை. அப்பா பள்ளிக்கூட வாசலுக்கு உள்ளே, வாளிகளோடு காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. எதிரே பஸ் நிறுத்தத்தில் மட்டும் வழக்கத்தைவிடக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமையில் இத்தனை பேர் எங்கே போகிறார்கள் என்று அவரே நினைத்திருக்கிறார். அத்தனை பேரும் இவருடைய ஆட்கள். ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பயணிகள் என்று எண்ணிக்கொண்டு, கேட்டையே பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். அப்போது பஸ் வந்து நின்று, டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். இரண்டு பேர் வெட்கத்தில் ஏறிவிட்டார்கள். அதில் ஒரு அம்மா கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அங்கிருந்து அப்பாவுக்கு போன் செய்து அழுதார்.

அப்பா வீட்டுக்கு வந்து, அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நான் தப்பான பக்கம் நின்னுட்டேன்" என்றார்.

அதிலிருந்து அவர் வாசலில் நிற்பதில்லை. எதிர்ப்பக்கம் நிற்பார். யார் முதல் முறையாகப் போகிறார்களோ அவர்களோடு, தெருவின் இந்தப் பக்கம். அதற்கென்று சில ஒழுங்குகள் வைத்திருந்தார். 'வாங்க' என்று சொல்லக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. போகப்போகும் வேலையைப் பற்றிப் பேசவே கூடாது. அவர்களாகக் கடந்து போனால், பின்னால் நின்று கையசைக்கக் கூடாது, கையசைத்தால் திரும்பி வந்துவிடுவார்கள். வேலை முடிந்து அவர்கள் வெளியே வரும் வரை இந்தப் பக்கமே இருக்க வேண்டும்.

"ரிட்டயர் ஆனவன் வீட்ல உக்காருவான். என் தம்பி ரோட்ல நிக்கிறான்" என்று அத்தை எல்லாரிடமும் சொல்லி வந்தாள். குறையாகத்தான் சொன்னாள். கேட்டவர்களுக்கு அப்படிக் கேட்கவில்லை.

மகளுக்கு இதில் ஒரு கணக்கு உதைத்தது. பார்வையற்றோர் விடுதியில் ஒரு பெரியவர், படித்துக் காட்ட ஆள் வருகிறார் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாராம். வருகிறவர் வரவில்லை. விடுதியிலிருந்து அவளிடம்தான் சொன்னார்கள். அன்றைக்கே ஒரு விதி எழுதினாள். மூன்று முறை பதிவு செய்துவிட்டு வராதவர்களைத் தளம் தானாக நீக்கிவிடும்.

அந்த விதி லிஃப்ட்காரரைப் பிடித்தது.

"அவரைத் திரும்பச் சேத்துடு" என்றார் அப்பா.

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்ப்பா. சலவைச் சட்டைத் தாத்தாவை நெனச்சுப் பாருங்க."

"நெனச்சேன். நீ சொல்றது நியாயம்தான். இனிமே இந்த மாதிரி ஆளுங்க வர்றாங்கன்னு உள்ள யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். எக்ஸ்ட்ரா ஆளாப் போகட்டும். வந்தா லாபம், வரலைன்னா யாருக்கும் தெரியாது."

"எஞ்சினியரம்மா மடங்கிட்டாங்க" என்றாள் அத்தை, உள்ளேயிருந்து.

அவள் மடங்கவில்லை. ஆனாலும் சேர்த்துவிட்டாள். அப்போதுதான் அப்பா அந்த மனிதரின் கதையைச் சொன்னார்.

சில வருடங்களுக்கு முன் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அவர் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியாட்கள் வந்து, நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். இவருக்கு மூக்கின் மேல் கோபம். வருகிறவர்களை எல்லாம், "உங்களுக்குப் பொழுது போகலையா? பாவம் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டு விரட்டுவார். கடைசியாக வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, தோட்டத்து நடுவிலேயே நாற்காலியை விட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள். அதன் பிறகு இவரைத் தள்ள யாரும் வரவில்லை. படுக்கையில் கிடந்து, ஜன்னல் வழியே மற்ற நாற்காலிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நன்றாக நடக்கிறார், மாடி மாடியாக ஏறி வேலை செய்கிறார். அதே தோட்டத்துக்கு யாரையாவது தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்கு எதிரே வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

"ஏனாம்?"

"உள்ள இவரை மாதிரியே ஒருத்தன் இருப்பான், அவன் 'பொழுது போகலையா'ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொல்லுங்கன்னேன். பொய்யா அது?"

*

வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். நாற்காலிகளைத் திருப்பி அனுப்பினார்கள். பல் டாக்டர் வந்து, நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது அப்பாவின் செருப்புகள் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை யாரிடமும் அழவில்லை. "எனக்கு முன்னாடி போறதுக்கு இவனுக்கு என்ன அவசரம்" என்று ஒரு முறை, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மகளுக்கு அழத் தெரியாமல் போனது. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று பார்ப்பதே அவள் வேலை. சனிக்கிழமை மத்தியானம், வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், தளத்தைத் திறந்து பார்த்தாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாளைய வேலைகளுக்கான நினைவூட்டல்கள் போயிருந்தன. லிஃப்ட்காரருக்கும் போயிருந்தது. முதல் முறை போகிறவர்களுக்கு என்று அப்பா கேட்டுச் சேர்த்த வரி அதில் அப்படியே இருந்தது. 'நாளை காலை உங்களோடு நிற்க ஒருவர் வருவார்.'

அனுப்பியது அவள் எழுதிய நிரல். அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

போன் செய்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. மறுபடியும். சாயங்காலம் மறுபடியும். லிஃப்ட் குழிக்குள் இருப்பவருக்கு சிக்னல் எப்படிக் கிடைக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. செய்தியாக அனுப்பலாம். 'அப்பா இறந்துவிட்டார், வர மாட்டார்' என்று அடித்தாள். படித்துப் பார்த்தாள். அது ஒரு மனிதரை நிரந்தரமாகத் திருப்பி அனுப்பும் வாக்கியம். அழித்தாள்.

ஞாயிறு காலை அவள் செருப்பு மாட்டுவதை அத்தை பார்த்தாள்.

"எங்க கிளம்பிட்ட? துக்கம் கேக்க இன்னும் ஆளு வருவாங்க."

"அப்பா ஒருத்தரை வரச் சொல்லியிருக்காரு அத்தை. லிஃப்ட்காரர்."

"அவனா? அவன் திரும்பிப் போயிட்டா உன் அப்பன் சாப்பிட மாட்டான்" என்றாள். எப்போதும் போலச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் முகம் மாறியது. "போ. வந்தவங்களை நான் பாத்துக்கிறேன்."

*

மறுவாழ்வு மருத்துவமனைக்கு எதிரே ஒரு சாவிக் கடை. கடை என்றால் ஒரு பெட்டி, ஒரு அரைக்கும் இயந்திரம், ஆணிகளில் வரிசையாகத் தொங்கும் வெற்றுச் சாவிகள். அதன் நிழலில் சில பேர் நின்றிருந்தார்கள். லிஃப்ட்காரரை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் கையில் மட்டும் கனமான கருவிப்பை இருந்தது. தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

பக்கத்தில் போய் நின்றாள்.

"'வர்றீங்களா'ல இருந்து வந்திருக்கேன்."

அவர் அவளுக்குப் பின்னால் பார்த்தார். "சார் வரலையா?"

"நான் அவர் பொண்ணு." அடுத்ததை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. "அப்பா வியாழக்கிழமை இறந்துட்டாரு."

சாவிக் கடையில் இயந்திரம் சுழன்று நின்றது. அவர் பையைத் தரையில் வைத்தார். பிறகு திரும்ப எடுத்தார்.

"செவ்வாய்க்கிழமை என்கிட்ட பேசினாரே."

"ஆமா."

"அவ்வளவு பெரிய துக்கத்துல நீங்க இதுக்காக வந்தீங்களா? ஏம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க. இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நானும் கிளம்புறேன்."

அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். 'வாங்க' என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். அப்பாவுக்கு எந்த ஆளிடமும் பேச ஏதாவது இருக்கும். அவளுக்கு மனிதர்களிடம் பேச்சு வராது. இயந்திரங்களைப் பற்றி வரும்.

"எங்க பில்டிங் லிஃப்ட், மூணாவது மாடில மட்டும் ஒரு விரல்கடை கீழ நிக்குது" என்றாள். "மத்த மாடியில எல்லாம் சரியா நிக்குது. ஏன்?"

அவர் கிளம்பத் திருப்பிய காலை நிறுத்தினார். "மூணாவதுல மட்டுமா?"

"மட்டும்தான். ஏறிப் போனாலும் இறங்கி வந்தாலும்."

"அப்ப பிரேக் இல்ல. பிரேக் தேஞ்சிருந்தா எல்லா மாடியிலயும் காட்டும். இந்த மாடியில நில்லுன்னு சொல்றதுக்குக் குழிக்குள்ள ஒரு காந்தத் துண்டு இருக்கும். மூணாவது மாடியோடது நகர்ந்திருக்கு." அவர் விரல்களால் காற்றில் அதை ஒட்டிக் காட்டினார். "சின்ன வேலை. யாரும் தடுக்கி விழலையே?"

"அப்பா தினமும் தடுக்குவாரு. தடுக்கிட்டு லிஃப்ட்கிட்ட சாரி சொல்லுவாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். அவளுக்கு மூன்று நாளாக வராதது அப்போது வந்தது. சாவிக் கடைக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல் ஒரு சாவியை எடுத்து ஊதினார்.

மருத்துவமனை வாசலில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க" என்றார் அவர். "வேலையில்லாத அன்னிக்கு இந்தப் பையை எதுக்குத் தூக்கிட்டு வந்தேன் தெரியுமா? லிஃப்ட் பாக்க வந்திருக்கேன்னு சொல்லிட்டு உள்ள போயிடலாம்னு. ரிப்பேர்காரனை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"லிஃப்ட் ரிப்பேரா அங்க?"

"அதெல்லாம் நல்லா ஓடுது. நான் வெளிய நின்னே பாத்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. கேட்டைப் பார்க்காமல் இருப்பதற்காக, ஆணியில் தொங்கும் சாவிகளைப் பார்த்தாள். பெரிதும் சிறிதுமாக, இன்னும் எந்தப் பூட்டுக்கும் ஆகாத சாவிகள்.

பக்கத்தில் அவர் பையை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"இதைக் கொஞ்சம் வெச்சிருக்கீங்களா?" என்றார். "கனமா இருக்கும். கீழ வெச்சுக்கோங்க."

பை கை மாறியது. அவள் எதிர்பார்த்ததைவிடக் கனம். தோள் இறங்கியது. நிமிர்ந்தபோது அவர் தெருவின் நடுவில் இருந்தார், வெறும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல. ஒரு வண்டி அவருக்காக வேகம் குறைத்தது. வாசலில் காவலாளி ஏதோ கேட்டார். அவர் ஏதோ சொன்னார். பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அவளுடைய கை தானாக எழும்பியது. பையின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அவர் உள்ளே போனார். காவலாளி வேறு யாரிடமோ பேசத் திரும்பினார்.

சாவிக் கடைக்காரர் காலால் ஒரு முக்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்கம்மா. உள்ள போனவங்க வர நேரமாகும்."

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.